முரசின் எல்லை

பல்லைச் சுற்றி நின்று அதன் வேரை மூடிக் காக்கும் சதைக்கு நம் நாட்டுத் தமிழர் முரசு என்று பெயர் வைத்திருக்கின்றனர். தமிழகத்தார் அதனை ஈறு என்பர். முரசு என்பது செய்தி அறிவிக்கும் பறைக்கும் பெயர். ஈறு என்பது எல்லைக்கும் முடிவுக்கும் பெயர். இவ்விரு சொற்களும் இச்சதைக்கு எவ்வாறு வந்து வாய்த்தன என்பதைச் சொல்லாராய்ச்சி வல்லார் கூறட்டும். பல் வைத்தியம் அறிந்தவருக்கோ இரண்டும் பொருத்தமாகவே தோன்றும். நோயின் வரவை இரத்தம் கசிந்து முதலில் அறிவிப்பதும் இச்சதையே. வெளியே தெரியும் பல் இவ்விடத்தில் முடிய வேண்டும் என்று எல்லை வகுப்பதும் இச்சதையே.

அந்த எல்லையைச் சத்திரசிகிச்சையினால் மாற்றியமைப்பதைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறேன். இரண்டு காரணங்களுக்காக இது செய்யப்படுகிறது. முறிந்தும் சூத்தை பிடித்தும் முரசுக்குள் அமிழ்ந்துவிட்ட பல்லை வெளிக்கொணர்ந்து, அதன்மேல் உறை பொருத்துவது ஒன்று. சிரிக்கும்போது பல்லைவிட முரசே மிகுதியாகத் தெரிகிறது என்று வருந்துவோருக்குத் தோற்றத்தைத் திருத்துவது மற்றொன்று. இரண்டாவதைப் பற்றி விளம்பரங்கள் நிறையப் பேசுகின்றன. முதலாவதைப் பற்றி அறியாமலே எத்தனையோ பேர் காப்பாற்றக்கூடிய பல்லைப் பிடுங்கிவிட்டு வீடு திரும்புகின்றனர். ஆகவே முதலாவதிலிருந்தே தொடங்குவோம்.

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் கடற்றொழில் செய்யும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது நாற்பத்தைந்து. வலை பொத்தும்போது நைலோன் நூலைக் கத்தியால் அறுப்பதில்லை. பல்லாலேயே கடித்து அறுப்பார். சோடாப் போத்தல் மூடியைத் திறக்கவும் அதே பல்தான். மேல்வரிசை முன்பல் ஒன்றில் முன்னமே சூத்தை அடைத்திருந்தது. ஒருநாள் அந்தப் பல் உட்புறமாகச் சாய்வாக முறிந்து, ஒருபக்கம் முரசுக்கு மேலேயும் மறுபக்கம் முரசுக்குக் கீழேயுமாக நின்றுவிட்டது. மூத்த மகளின் கலியாணத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. சுற்றியிருப்போர் சொல்வது என்ன? முறிந்த பல்லை வைத்து என்ன செய்வது, பிடுங்கிவிட்டுப் பொய்ப்பல் கட்டு என்பார்கள்.

இப்படிச் சொல்வோரைக் குறைகூற முடியாது. முரசுக்கு வெளியே பிடிப்பதற்கு ஒன்றும் இல்லாத பல்லின்மேல் உறை நிற்காது என்பது எவருக்கும் விளங்கக்கூடிய செய்தி. உலக்கையின் நுனியிலே பூண் ஏன் போடுகிறோம்? மரம் பிளவாதிருப்பதற்காக. அந்தப் பூண் உலக்கையின் நுனியிலே வெறுமனே உட்கார்ந்திருந்தாற் போதாது. கொஞ்சத் தூரமாவது மரத்தைச் சுற்றி இறுகப் பிடித்திருக்க வேண்டும். பல்லின்மேல் வைக்கும் உறையும், கிறவுண் என்று நாம் வழக்கமாகச் சொல்வதும் அதுதான், அவ்வாறே. பல்லின் நல்ல பகுதியைச் சுற்றிலும் ஏறத்தாழ 1.5 முதல் 2 மில்லிமீற்றர் உயரமாவது அது தழுவி நிற்க வேண்டும். அது இல்லையானால், வேருக்குள் கம்பி இறக்கி எத்தனை உறுதியான சீமெந்து பூசினாலும், கடிக்கும் விசையில் ஒன்று உறை கழன்றுவிடும். அல்லது வேரே பிளந்துபோகும்.

அப்படியானால் உறையின் விளிம்பை முரசுக்கு உள்ளே ஆழமாகக் கொண்டுபோய், அங்கே மறைந்திருக்கும் பல்லைப் பிடிக்கச் செய்தால் என்ன? இந்தக் கேள்வியிலேதான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது.

முரசு பல்லின்மேல் வெறும் போர்வையாகக் கிடக்கவில்லை. அது பல்லோடு ஒட்டியிருக்கிறது. மேல் விளிம்பிலே மட்டும் ஒட்டாத ஒரு மெல்லிய பள்ளம் உண்டு. தூரிகையின் நார் புகுவதும் உணவுத் துகள் தங்குவதும் அங்கேதான். அதன் கீழே தோலிழை ஒட்டு. அதற்கும் கீழே நாரிழை ஒட்டு. அதன் பிறகே தாடையெலும்பின் விளிம்பு. 1961-ஆம் ஆண்டில் கார்கியூலோ என்பவரும் அவருடைய தோழர்களும் இறந்தோரின் தாடைகளை ஆராய்ந்து இவற்றை அளந்து வெளியிட்டனர். பள்ளம் சராசரி 0.69 மில்லிமீற்றர், தோலிழை ஒட்டு 0.97; நாரிழை ஒட்டு 1.07. ஒட்டு இரண்டும் சேர்ந்து 2.04 மில்லிமீற்றர், அதாவது ஒரு நெல்மணியின் தடிப்பளவு. ஆளுக்கு ஆள், பல்லுக்குப் பல் இது கூடியும் குறைந்தும் இருக்கும். ஆயினும் எலும்பு விளிம்புக்கும் உறையின் விளிம்புக்கும் இடையே ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும் என்னும் வழக்கம் இவ்வளவிலிருந்தே பிறந்தது.

இந்த இடத்தை உறையின் விளிம்பு ஆக்கிரமித்துவிட்டால் உடம்பு அதனைப் பொறுப்பதில்லை. முரசு மெல்லியதாக உள்ளவரிடம், எலும்பு தானே கரைந்து கீழிறங்கி, இழந்த இடத்தை வேறோரிடத்தில் தேடிக்கொள்ளும். முரசும் சேர்ந்து இறங்கும். ஓராண்டிலோ ஈராண்டிலோ உறையின் விளிம்பு வெளியே தெரியும். முரசு தடித்தவரிடம் அது இறங்காது. மாறாக உறையைச் சுற்றிச் சிவந்த வளையமாக வீங்கி, தொட்டால் இரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். உறை ஒத்துக்கொள்ளவில்லை, உலோகம் சரியில்லை என்று நோயாளர் சொல்வார். பல் துலக்குவது போதாது என்று வைத்தியர் சொல்வார். சில வேளைகளில் இருவர் சொல்வதும் சரியாகலாம். ஆனால், உறை இடம் மாறி அமர்ந்ததே காரணமாயிருந்தால் எத்தனை முறை துலக்கினாலும் அச்சிவப்பு மாறாது.

முரசின் எல்லையை நகர்த்தலாம். ஆனால் அது தனக்கு வேண்டிய அளவைக் கேட்டு வாங்கியே தீரும். நம் கரையோரத்திலே இதற்கு நல்ல உவமை உண்டு. இறங்குதுறைத் தூண் ஒன்று மணல் மட்டத்தோடு முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் அடிக்கட்டையிலே புதிய மரத்தை இணைக்க வேண்டுமானால், அடிக்கட்டை சிறிது வெளியே தெரிய வேண்டும். மேலுள்ள மணலை மட்டும் அள்ளிவிட்டால் போதுமா? சில நாளில் கடல் அந்த மணலைத் திரும்பக் கொண்டுவந்து போட்டுவிடும். மணலுக்குக் கீழே பாறை இருக்கிறது. அந்தப் பாறைக்கு மேலே இவ்வளவு மணல் தங்கும் என்பது அவ்விடத்தின் இயல்பு. பாறையைக் கொஞ்சம் தாழ்த்தினாலன்றி மணலின் மட்டம் தாழாது. முரசு மணல், எலும்பு பாறை. பல்லை வெளிக்கொணரும் சத்திரசிகிச்சையிற் பெரும்பாலும் எலும்பையும் சிறிது சீவ வேண்டியிருப்பது இதனாலேதான். முரசு அளவுக்கு மிஞ்சி நிற்கும் இடங்களில் மட்டுமே சதையைத் தனியே வெட்டினாற் போதும்.

எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்வது பயத்தைக் கூட்டுவதற்கன்று, பெரும்பாலும் குறைப்பதற்கே. முதலில் எக்ஸ்-றே படம் எடுத்து வேரின் நீளம் பார்க்கப்படும். மெல்லிய அளவுகோலை முரசுக்குள் விட்டு எலும்பு எத்தனை ஆழத்தில் இருக்கிறதென்று அறிவார்கள். விறைப்பு ஊசி போட்டபின், முரசின் விளிம்பை வேண்டிய வளைவிலே கீறி, சதையைப் புத்தகத்தின் ஏட்டைப் போலப் புரட்டி எடுப்பார்கள். உள்ளே எலும்பின் விளிம்பு தெரியும். தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே சுழலும் சிறு கருவியாலும், கையாற் பிடிக்கும் உளியாலும் அதனை வேண்டிய அளவு குறைத்து, பக்கத்துப் பற்களின் எலும்போடு படிப்படியாகச் சரிந்து சேரும்படி ஒழுங்கு செய்வார்கள். பிறகு ஏட்டைத் திரும்ப மூடித் தையல் போடுவார்கள். ஒரு வாரம், பத்து நாளில் தையல் பிரிக்கப்படும். அதுவரை அவ்விடத்தில் தூரிகை படக்கூடாது. குளோர்ஹெக்ஸிடீன் கலந்த நீரால் வாய் கொப்பளிக்க வேண்டும். சூடும் காரமும் ஆகா. புகைபிடிப்போருக்குப் புண் ஆறுவது தாமதமாகும். சலரோகம் உள்ளவரும், இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவரும் அதனை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.

இனி வருவது பலருக்கும் பொறுமை போகும் இடம். புண் சில வாரத்தில் ஆறிவிடும். ஆனால் முரசின் விளிம்பு தன் இறுதி இடத்தில் வந்து நிலைகொள்ள அதிக காலம் எடுக்கும். கடைவாய்ப் பல்லானால் ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்து நிரந்தர உறை போடலாம். சிரிப்பிலே தெரியும் முன்பல்லானால் மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை காத்திருப்பதே நல்லது. அவசரப்பட்டு உறை போட்டுவிட்டால், முரசு பின்பு இறங்கியோ ஏறியோ உறையின் விளிம்பைக் காட்டிக் கொடுத்துவிடும். நாம் சொன்ன கடற்றொழிலாளருக்கு மகளின் கலியாணம் மூன்று மாதத்தில். ஆகவே கலியாணப் படத்திலே அவர் வாயிலிருக்கப் போவது தற்காலிகப் பல்லாகத்தான் இருக்கும். தற்காலிகப் பல் பார்வைக்கு மோசமானதன்று, கடிப்பதற்குத்தான் மோசமானது. கலியாண வீட்டு முறுக்கை அவர் மறுபக்கத்தாற் கடிக்கட்டும்.

எல்லாப் பல்லுக்கும் இது தகுந்த வழியன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். எலும்பைக் குறைக்கும்போது வேருக்குள்ள பிடியும் குறைகிறது. மேலே நிற்கப் போகும் உறையின் நீளம், எலும்புக்குள் நிற்கும் வேரின் நீளத்தை மிஞ்சுவதாயிருந்தால், அந்தப் பல் ஆழமற்ற குழியில் நட்ட கம்பம்போல ஆடும். வேர் நெடுக்காகப் பிளந்திருந்தாலும் முயற்சி வீணே. கடைவாய்ப் பல்லில் வேர்கள் பிரியும் கவட்டை வெளிப்படுமானால், அங்கே அழுக்குத் தங்கி, பல்லைக் காக்கச் செய்த சிகிச்சையே பல்லுக்குக் கேடாகிவிடும். முன்பல்லிலே வேறொரு சங்கடம்: ஒரு பல்லின் முரசை உயர்த்தினால் இணையாக நிற்கும் மறுபல்லோடு வரிசை கெடும். அத்தகைய இடத்தில், முரசை விலக்குவதற்குப் பதிலாகப் பல்லையே கம்பி கட்டிச் சில வாரங்களில் மெல்ல வெளியே இழுத்து, பிறகு சில மாதம் அசையாதபடி நிறுத்திவைக்கும் முறையும் உண்டு. பாறையை வெட்டாமல் தூணை மேலே தூக்குவது இது. முறிந்த முன்பல்லுக்குப் பல வேளைகளில் இதுவே சிறந்தது. ஆனால் நாள் செல்லும். இவை ஒன்றும் இயலாதபோது பல்லைப் பிடுங்குவதில் தவறில்லை. பிடுங்குமுன் இவை இயலுமா என்று கேட்காதிருப்பதுதான் தவறு.

தோற்றத்துக்காக முரசைத் திருத்துவதற்கு வருவோம். இங்கே நம் துறைமுகத்தின் பழங்கதை ஒன்று எனக்கு ஞாபகம் வருகிறது. பாய்க்கப்பல்கள் கடலாண்ட காலத்தில், திருகோணமலைக்காக ஐரோப்பியர் ஒருவரோடொருவர் மோதினர். 1782-ஆம் ஆண்டு ஒன்றிலேயே, ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயரும், ஆகஸ்டு முடிவில் ஆங்கிலேயரிடமிருந்து சுஃப்ரன் என்னும் பிரெஞ்சுத் தளபதியும் இத்துறைமுகத்தைக் கைப்பற்றினர். அந்நாளில் நெடுங்கடல் ஓடிய கப்பல்களில் பீரங்கியைவிட அதிகமான மாலுமிகளைக் கொன்றது ஸ்கர்வி என்னும் நோய். அந்நோய் கண்டவரின் முரசு கறுத்து வீங்கி, பற்களையே மூடிவிடும். உணவை மெல்ல முடியாது. கப்பல் வைத்தியர் அந்த வீங்கிய சதையைக் கத்தியால் வெட்டி எறிந்தனர். இரண்டொரு நாள் சுகம். பிறகு திரும்பவும் வளரும். உணவை மெல்லுவதைக் கருதிச் செய்த பழைய முரசு வெட்டுகளில் இதுவும் ஒன்று.

வெட்டிய கத்தி நோயைத் தீர்க்கவில்லை. தீர்த்தது தேசிக்காய் இனம். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கடற்படை வைத்தியர், சால்ஸ்பரி என்ற கப்பலில் ஸ்கர்வி கண்ட பன்னிரண்டு மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு பொருளைக் கொடுத்துப் பார்த்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் எழுந்து நடமாடினர். இவ்வளவு தெளிவாகத் தெரிந்தும், ஆங்கிலக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது 1795-இலேதான். நவீன பல் வைத்தியத்தின் தந்தை எனப் போற்றப்படும் பியர் போஷார் என்ற பிரெஞ்சுக்காரரும் இளமையில் கடற்படையிற் சேர்ந்து, அங்கே மாலுமிகளின் வாய் நோய்களைக் கண்டே இத்தொழிலிற் புகுந்தவர். அவருடைய பெருநூல் 1728-இல் வெளிவந்தது. பல் வைத்தியக் கலைக்குக் கடல் இவ்வளவு கடன் கொடுத்திருக்கிறது.

பழங்கதையை நான் இழுத்தது காரணத்தோடுதான். முரசு பெருத்திருக்கிறது என்று வருபவரிடம் முதலிற் கேட்க வேண்டியது, ஏன் பெருத்தது என்பதே. இன்று ஸ்கர்வி அரிது. ஆனால் வலிப்புக்குக் கொடுக்கும் பெனிட்டோயின், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் நிபெடிப்பீன், அம்லோடிப்பீன் போன்றவை, சிறுநீரகம் மாற்றியவர் எடுக்கும் சைக்ளோஸ்போரின் ஆகிய மருந்துகளாற் சிலருக்கு முரசு தடித்து வளரும். அத்தகையோர் தாமாகவே மருந்தை நிறுத்தக் கூடாது. வைத்தியரிடம் சொல்லி மாற்று உண்டா என்று கேட்க வேண்டும். கர்ப்பகாலத்தில் வீங்கும் முரசு பிள்ளைப்பேற்றின் பின் பெரும்பாலும் தணியும். அதற்குக் கத்தி வேண்டாம். எல்லாவற்றிலும் பொதுவான காரணமோ, பல்லின் அடியிலே நாள்தோறும் படியும் அழுக்குப் படலம்.

அந்தப் படலத்தின் வேலையை உலகுக்கு ஐயமறக் காட்டியவர் நோர்வே நாட்டவரான ஹரால்ட் லோ. 1965-இல் அவரும் அவருடைய தோழர்களும், நல்ல முரசுடைய பன்னிரண்டு பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் செய்தனர். லிண்டுக்கும் பன்னிருவர், இவருக்கும் பன்னிருவர், தற்செயல்தான். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் முரசு சிவந்து வீங்கியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரமளவில் வீக்கம் போயிற்று. இப்படித் தணியக்கூடிய வீக்கத்தைக் கத்தியால் வெட்டி அழகு செய்வது, கப்பல் வைத்தியர் செய்ததைத் திரும்பச் செய்வதேயாகும்.

இதே லோ பின்னர் நம் நாட்டுக்கு வந்தார் என்பது பலருக்குத் தெரியாது. 1970-இல் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாய்களை அவருடைய குழு ஆராயத் தொடங்கிற்று. அவர்கள் தமிழர்கள், பல் துலக்கும் வழக்கமோ பல் வைத்திய வசதியோ எட்டாதவர்கள். பதினைந்து ஆண்டுகள் மீண்டும் மீண்டும் வந்து அளந்து, 1986-இல் முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழ அனைவருக்கும் முரசு அழற்சி இருந்தது. ஆனால் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மட்டுமே பல்லைத் தாங்கும் ஒட்டு விரைவாக அழிந்தது. அவர்கள் நாற்பத்தைந்து வயதுக்குள் பற்களையெல்லாம் இழந்தனர். எண்பத்தொரு பேருக்கு மெதுவாக அழிந்தது. மீதிப் பதினொரு பேருக்கோ, அழற்சி இருந்தும் அதற்கப்பால் நோய் செல்லவேயில்லை. ஒரே அழுக்கு, ஆளுக்கு ஆள் வேறு கதி. முரசு நோயின் இயற்கையை உலகம் அறிந்தது இம்மக்களின் வாய்களிலிருந்து; இன்றும் பல் வைத்திய மாணவர் எந்நாட்டிலும் இதனைப் படிக்கின்றனர். அந்த அறிவின் பயன் லயத்து வாசலுக்கு எவ்வளவு திரும்பி வந்தது என்று கேட்காமல் இதைச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

வீக்கமும் இல்லை, நோயும் இல்லை, ஆனாலும் சிரித்தால் முரசு மிகுதியாகத் தெரிகிறது என்பவர் இருக்கிறார். கலியாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் இது பெருங்கவலையாகிவிடுகிறது. இளம்பெண்கள் வாயைக் கையால் மூடிச் சிரிப்பதை நாணம் என்று நாம் எண்ணிவிடுகிறோம். இதற்கும் காரணங்கள் வேறு வேறு. சிலருக்குப் பல் முளைத்து வெளிவந்த பின்பும் முரசு உரியபடி விலகாமல், எனாமலின் ஒரு பகுதியை மூடிக்கொண்டே நின்றுவிடும். மேல்வரிசை நடுப்பல்லின் நீளம் வழக்கமாக 10 முதல் 11 மில்லிமீற்றர். இவர்களிடம் அது ஏழோ எட்டோ மட்டுமே தெரியும். பல் சதுரமாகத் தோன்றும். முரசைத் திருத்துவதால் முழுப் பயனும் பெறுபவர் இவர்தாம். மறைந்திருக்கும் தம் சொந்தப் பல்லையே அவர் பெற்றுக்கொள்கிறார். அப்போதும் வைத்தியர் ஒரே மட்டமாகச் சீவிவிடுவதில்லை. நடுப்பல்லின் முரசும் வேட்டைப் பல்லின் முரசும் ஏறத்தாழ ஒரே மட்டத்திலும், அவற்றிடையே நிற்கும் பல்லின் முரசு சிறிது தாழ்ந்தும் இருப்பதே கண்ணுக்கு இயற்கையாகத் தோன்றும்.

பல்லின் நீளம் சரியாக இருந்து, மேலுதடு குட்டையாகவோ மிகுதியாக உயர்வதாகவோ இருந்தால், அல்லது மேல்தாடையே நீண்டு வளர்ந்திருந்தால், முரசை வெட்டுவது காரணத்தைத் தொடாது. அதிகமாக வெட்டினால் வேர் வெளிப்பட்டு, குளிர்ந்த நீர் பட்டாலும் கூசும். பல் குதிரைப்பல்போல் நீளும். தேவைக்கு மேல் வெட்டிய சதையைத் திரும்பக் கொடுப்பது, வெட்டியதைவிடக் கடினம். வேர் வெளிப்பட்ட இடத்தை, அண்ணத்திலிருந்து சிறு சதைத் துண்டெடுத்து மூடும் சிகிச்சை உண்டுதான். வயது சென்றோரிடமும், கடுந்தூரிகையாலும் உமிக்கரியாலும் செங்கற்பொடியாலும் அழுத்தித் தேய்த்துத் தேய்த்து முரசை இறக்கிக்கொண்டோரிடமும் அது நல்ல பயன் தருவதுண்டு. தேய்க்கும் முறையை மாற்றாமல் அதைச் செய்வது மட்டும் வீண்.

கறுத்த முரசைச் சிவப்பாக்குகிறோம் என்று சில இடங்களில் விளம்பரம் செய்கிறார்கள். நம்மவர் பலரின் முரசு இயற்கையிலேயே கருமை கலந்தது. தோலுக்கு நிறம் தரும் அதே பொருள்தான் முரசுக்கும் நிறம் தருகிறது, அது நோயன்று. லேசராலும் கத்தியாலும் மேற்படையைச் சுரண்டிச் சிவப்பாக்கலாம். பலருக்குக் கருமை காலப்போக்கில் திரும்பவும் வரும். விரும்பியவர் செய்துகொள்ளட்டும். ஆனால் இயற்கை நிறத்தை நோயென்று சொல்லிப் பணம் வாங்குவதை நான் வைத்தியம் என்று சொல்லமாட்டேன்.

கவலைப்பட வேண்டிய நிறம் வேறு உண்டு. வெற்றிலை போடும் வாயில், கன்னத்தின் உட்புறத்திலோ முரசிலோ நாக்கின் ஓரத்திலோ, துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட்டுப் போன்ற சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், நாளுக்கு நாள் வாய் திறப்பது குறைந்துவருதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அழகுச் சிகிச்சைப் பேச்சை ஒத்திவைத்துவிட வேண்டும். இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். புகையிலை சேர்ந்த வெற்றிலை மட்டுமன்று, புகையிலை இல்லாத பாக்கும் புற்றுநோய் விளைப்பதே என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் வகைப்படுத்தியது. கரைவலை இழுப்போரும், துறையிலே சுமை தூக்குவோரும் இரவு விழிப்பதற்காக வெற்றிலைச் சரையை மடியிலே வைத்திருப்பது நாம் அறிந்தது. முறிந்த பல்லுக்காக வாயைக் காட்டும் நாளில் இந்தத் திட்டும் கண்ணிற்படுமானால், அந்தப் பல் முறிந்தது அவருக்கு நன்மையே.

எங்கே போவது என்ற கேள்வி எஞ்சுகிறது. அரசாங்க ஆஸ்பத்திரிகளின் பல் வைத்தியப் பகுதியில் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. பல்வேர் சிகிச்சையும் முரசு சத்திரசிகிச்சையும் அதற்கென நிபுணர் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே நடைபெறும். உள்ளூர்ப் பல் வைத்தியரிடம் கடிதம் பெற்றுச் செல்ல வேண்டும். கடினமான நோய்களுக்குப் பேராதனையிலுள்ள பல் போதனா வைத்தியசாலை இருக்கிறது. திருகோணமலையிலிருந்து ஹபறணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக்குப் போய்வர ஒரு முழுநாள் போகும். ஒருமுறை போதாது, பல முறை போக வேண்டும். தொழிலுக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. பல்லைப் பிடுங்குவோம் என்ற முடிவு அடிக்கடி வைத்தியக் காரணத்தால் எடுக்கப்படுவதன்று. பேருந்துக் கட்டணத்தாலும் இழந்த கூலியாலும் எடுக்கப்படுவது. தனியார் நிலையங்களில் நாட்கள் மிச்சம், பணம் செலவு. எதைக் கொடுக்க முடியும் என்பதை அவரவரே நிச்சயிக்க வேண்டும். ஆனால் பல்லைக் காப்பாற்ற முடியுமா, எத்தனை முறை வர வேண்டும், வேர் எவ்வளவு நீளம், இறுதி உறை எப்போது என்ற கேள்விகளை ஊசி போடுமுன்பே கேட்டுவிட வேண்டும்.

நம் கடற்றொழிலாளர் கேட்டார் என்றே வைத்துக்கொள்வோம். வேர் நீளமாக இருந்தது. நெடுக்குப் பிளவு இல்லை. முரசிலே படிந்திருந்த காரையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, இரத்தக் கசிவு நின்றபின், வேர் சிகிச்சை முடித்தார்கள். இணைப்பல்லோடு வரிசை கெடாதிருப்பதற்காகப் பல்லைக் கம்பி கட்டிச் சிறிது வெளியே இழுத்து, எஞ்சியதற்கு முரசையும் எலும்பையும் கொஞ்சமே சீவினார்கள். மகளின் கலியாணத்துக்குத் தற்காலிகப் பல்லோடு நின்றார். அடுத்த வாடைக்காற்றுக் காலத்தில், கடல் கொந்தளித்துப் படகுகள் கரையேறிக் கிடக்கும் ஓய்வு நாட்களில், நிரந்தர உறை பொருத்தியாயிற்று. இப்பொழுது அவருடைய வலைப்பையிலே ஊசியோடும் நூலோடும் ஒரு சிறு கத்தியும் இருக்கிறது.